சிப் இல்லாத போர்டு

போன மாதம் உங்கள் குழுத் தலைவர் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "உங்க அனுபவம் சார்" என்றார். அனுபவம் என்று நாகரிகமாகச் சொல்கிறோமே தவிர, அதில் பாதிக்கு மேல் செய்த தப்புகள்தான். அதில் ஒன்றை எடுத்து எழுதுகிறேன். பெரிய தப்பாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன். சின்னதை எழுதி உங்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்குவானேன்?

நீங்கள் செய்யப்போகும் வேலையை வீட்டில் விளக்கிச் சொல்ல முயன்றிருப்பீர்கள். முயல வேண்டாம். என் மனைவி முப்பது வருஷம் கேட்டும், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் யார் விசாரித்தாலும் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றார்" என்றுதான் சொல்வாள். விஷயம் என்னவோ எளியதுதான். ஓர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியதும், திரையில் எதுவும் வருவதற்கு முன்னால், ஒரு சின்ன நிரல் எழுந்துகொள்கிறது. தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. நினைவகம் எவ்வளவு, திரை இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறது. பதில் வந்தால் ‘உண்டு’ என்று குறித்துக்கொள்கிறது. பிறகு வரும் பெரிய மென்பொருள் எல்லாம் அந்தக் குறிப்பை நம்பித்தான் ஓடும். கதவு தட்டுவதுதான் நம்முடைய வேலை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், யாரும் அதைப் பாராட்டவும் மாட்டார்கள்.

நாங்கள் அப்போது மருத்துவமனைகளுக்கான பம்பு ஒன்று செய்துகொண்டிருந்தோம். நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுக் கணக்கில் ஏற்றும் பம்பு. அதில் இரண்டு அலாரங்கள் உண்டு. பெரியதை முக்கிய பிராசஸர் அடிக்கும். இரண்டாவது ஒரு சின்ன சிப்பும், அதற்கென்று ஒரு சின்ன பஸ்ஸரும். முக்கிய பிராசஸரே திடீரென்று செத்துப்போனால், இந்தச் சின்ன சிப் தானாகவே கத்த வேண்டும். அது கத்தாவிட்டால், மருந்து நின்றுபோனது பக்கத்துக் கட்டிலுக்குக்கூடத் தெரியாது.

அந்தச் சின்ன சிப் இருக்கிறதா என்று பார்க்கும் நிரலை எழுதியவன் நான். மொத்தம் பதினோரு வரி. சிப்புக்குள் ஓர் எண்ணை எழுதுவது, உடனே அதைத் திரும்பப் படிப்பது. எழுதியது அப்படியே திரும்பி வந்தால் சிப் உண்டு. ஏழு வருஷம், நான்கு தயாரிப்புகள், ஒரு புகார் வந்ததில்லை. புது ஆட்கள் வந்தால் அதைத் திறந்து காட்டி, "எழுதினா இப்படி எழுதணும்" என்பேன். அந்த அலட்டலைப் பொறுத்துக்கொண்டவர்களில் ஒருவர்தான் இன்று உங்கள் குழுத் தலைவர். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பொம்மனஹள்ளியிலிருந்து போன் வந்தது. எங்கள் பம்புகளை அங்கே ஒரு தொழிற்சாலையில்தான் பொருத்தினார்கள்.

"சார், லைன் நின்னுபோச்சு," என்றார் மேனேஜர். "டெஸ்டிங்ல செல்வின்னு ஒருத்தங்க. ஒரு பீஸ எடுத்து ஓரமா வச்சிட்டு விடவே மாட்டேன்றாங்க. ரெண்டாவது அலாரம் சிப் வேலை செய்யலையாம். ஸ்கிரீன்ல பாத்தா உண்டுன்னு வருது. ரெண்டு மணிக்கு லாரி. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி காரில் கிளம்பினேன். மேம்பாலத்தில் பறக்கிறவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கீழ்ச் சாலையில் ஊர்ந்து போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது. இறங்கும்போதே எனக்கு எரிச்சல். என் நிரலை ஏழு வருஷமாக யாரும் சந்தேகப்பட்டதில்லை.

செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆரணிப் பக்கத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை லைனை நிறுத்தியிருந்தார். ஒருமுறை அவர் சொன்னது சரி, ஒருமுறை தப்பு. இன்னொரு தப்பு வந்தால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று ஒப்பந்த சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருந்தார். இது எனக்கு வாசலிலேயே சொல்லப்பட்டது. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

"எப்படிச் சொல்றீங்க, வேலை செய்யலன்னு?" என்று கேட்டேன்.

"விரல் வச்சிப் பாத்தேன் சார்."

பம்பை ஆன் செய்யும்போது அந்தச் சின்ன பஸ்ஸர் ஒரே ஒரு முறை துடிக்கும். கம்ப்ரஸர் இரைச்சலில் அது காதில் விழாது. செல்வி அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்ப்பாராம். எந்தச் செய்முறைத் தாளிலும் அப்படி ஒரு சோதனை இல்லை. அவராகவே பழகிக்கொண்டது. என் முன்னால் நாலைந்து பம்புகளைச் சோதித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மேசையின் ஸ்டீல் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டார். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டியிருக்கும்போது இது எதற்கு? ஏதோ வேண்டுதல் போல என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சண்டைக்குக் காரணமான பம்பை எடுத்து மடிக்கணினியில் இணைத்தேன். ‘அலாரம் 2: உண்டு’ என்று திரையில் வந்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் உண்டு. சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், இருக்க வேண்டிய இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே பிராசஸரைக் கொன்று அலாரத்தைக் கத்தவிடும் சாதனம் எங்கள் ஆபீஸில் இருந்தது. இருபதில் ஒரு பம்பைத்தான் அதில் போடுவோம். இதை அங்கே கொண்டுபோய் வருவதற்குள் லாரி போய்விடும்.

"பாருங்கம்மா, உண்டுன்னு சொல்லுது."

"அது சொல்லுது சார். துடிக்க மாட்டேன்குதே."

"உங்க விரல் தப்பா சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் கழிவுத் தட்டைக் காட்டினார். "அங்க ஒரு போர்டு கெடக்குது சார். அந்த சிப்பே போடாம தப்பா வந்தது. அதுல உங்க புரோகிராம ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாமா?"

நன்றாகக் கவனியுங்கள். இதுதான் அன்று எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். ஐந்து நிமிஷ வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சிப்பே இல்லாததுல என்னம்மா பாக்கறது?" என்றேன். மேனேஜர் சிரித்தார். சோதனைத் தாளில் அந்தப் பம்புக்கு எதிரே ‘ஆபரேட்டர் எரர்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினேன். செல்வி எர்த் பட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வாசல் காவலாளி கையை ஆட்டி, கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"சார், சொல்ப நில்லுங்க! ஏழாம் நம்பர் பேட்ஜ குடுக்காம போறீங்க!"

கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். "ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு இவ்ளோ ஓட்டமா?"

"அட்டைக்கு இன்னா சார், அது போனா போவுது," என்றார் மூச்சு வாங்க. "அங்க ஆணி காலியா இருந்துச்சுன்னா நீங்க உள்ள இருக்கீங்கன்னு கணக்கு. தீ சைரன் அடிச்சா, உள்ள யார்னா இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கத்திக்கினா இருக்க முடியும்? எந்த ஆணி காலின்னு பாத்துட்டு உள்ள ஓடணும்."

காவல் அறைச் சுவரில் இருபது ஆணிகள், பத்தொன்பது அட்டைகள். இது எனக்குப் புதிய சங்கதியே இல்லை. நான் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல்காரன். சுரங்கத்தில் இறங்குகிறவர்களை வில்லை மாட்டி எண்ணுவதைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் எழுதிய நிரலின் லட்சணத்தைப் பாருங்கள். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்கு ஒரு காலி ஆணியைக் காட்டியதில்லை. சிப் இருக்கும் போர்டில் ஆயிரம் முறை ஓட்டியிருக்கிறேன். இல்லாத போர்டில் அது என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது.

காரை நிற்கச் சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் அட்டையைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கழிவுத் தட்டிலிருந்த போர்டை எடுத்தேன். சிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள். இணைத்து ஓட்டினேன்.

‘அலாரம் 2: உண்டு.’

நடந்தது இதுதான். அந்தச் சிப்புக்குப் போகும் கம்பிகளில் ஓர் எண்ணை எழுதினால், அங்கே யாரும் இல்லாவிட்டாலும், எழுதியது கம்பியிலேயே ஒரு கணம் தங்கியிருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு இருக்கிற மாதிரி. என் நிரல் எழுதிய கையோடு படித்துவிடும். ஆகவே அதற்குக் கிடைத்தது அதனுடைய எழுத்தேதான். ஏழு வருஷமாக நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். செல்வி எடுத்து வைத்த பம்பில் சிப்பின் ஒரு கால் போர்டைத் தொடாமல் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

தீர்வு என்னவோ இரண்டு வரிதான். எண்ணை எழுதிய பிறகு, வேறு ஓர் இடத்தில் வேறு ஓர் எண்ணை எழுது, கம்பியில் இருக்கும் பழையது அழியட்டும், அதன் பிறகு திரும்பி வந்து படி. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். காலி போர்டு ‘இல்லை’ என்றது. செல்வியின் பம்பும் ‘இல்லை’ என்றது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அரை நிமிஷம் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் திரையைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. லாரி ஒரு பக்கம், வாடிக்கையாளர் ஒரு பக்கம் என்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கோட அமைதியா மாத்திடுங்க. அடுத்த வெர்ஷன்ல போயிடும். இந்த பீஸ நான் ஒதுக்கிடறேன். செல்விய வேலையவிட்டு எடுக்க வேணாம்னு சூப்பர்வைசர்கிட்டயும் நானே பேசிக்கறேன். ஷீட்ட மட்டும் அப்படியே விட்டுடுங்க. சாஃப்ட்வேர் தப்புன்னு உங்க கையெழுத்தோட எழுதிட்டீங்கன்னா, இங்க நிக்கறது மட்டுமா? ஏற்கெனவே போனதையெல்லாம் கூப்பிட வேண்டியிருக்கும். உங்களுக்கும் நல்லதில்ல."

உங்களிடம் மறைக்கப்போவதில்லை, அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. யாருக்கும் நஷ்டமில்லை, செல்விக்கு வேலை இருக்கிறது, நிரல் சரியாகிவிடுகிறது. பக்கத்து மேசைகளில் விரல் வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லையே, அங்கிருந்து வந்த பம்புகள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கின்றனவே என்ற எண்ணம் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளினேன். அவ்வளவு சுலபமாகத் தள்ள முடிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் பயமாக இருக்கிறது.

சோதனைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வியைத் தேடிப் போனேன். சாமான் அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, நீங்க சொன்னது சரி. என் புரோகிராம்லதான் தப்பு. வேலை எங்கயும் போகாது, மேனேஜர் பேசறேன்னு சொல்லியிருக்கார்."

"ஷீட்டுல இன்னா எழுதியிருக்கு?"

கையிலிருந்த தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நீங்க எழுதினா அது எழுத்து. நான் சொன்னா எரரு," என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு அவரு பேசுவாரு சார். அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கறவன் மேனேஜரையா கேப்பான்? ஷீட்டதான பாப்பான். செல்வி, ரெண்டு தப்புன்னு இருக்கும்."

அவர் பையை வைத்துவிட்டு, "வாங்க" என்று சோதனை மேசைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

மேசையில் மூன்று போர்டுகளை எடுத்து வைத்தார். "விரல் தப்பா சொல்லும்னீங்கல்ல? உங்க விரல குடுங்க. கண்ண மூடிக்குங்க. இருக்கா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். என் விரலைப் பிடித்து ஒரு பஸ்ஸர் மேல் வைத்தார். சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. விரல் நுனியில் சுருக்கென்று ஒரு துடிப்பு.

"இருக்கு."

இரண்டாவது. மறுபடியும் அதே துடிப்பு. "இருக்கு."

மூன்றாவது. "இருக்கு," என்றேன். என் கூர்மையைக் காட்டிக்கொள்ள, "ஆனா கொஞ்சம் வீக்கா இருக்கு," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"கண்ண தொறங்க சார்."

என் விரல் இருந்தது சிப் இல்லாத போர்டின் மேல்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செல்வி கேலி செய்யவில்லை. "எனக்கும் வந்த புதுசுல இப்படித்தான் சார். முன்னாடி பீஸோட துடிப்பு விரல்லயே ஒக்காந்துக்கினு இருக்கும். இந்த மாசம் ஒருவாட்டி தப்பா சொன்னேனே, அன்னிக்கு அவசரத்துல இத தொட மறந்துட்டேன், பழைய துடிப்புல புதுசு வந்ததே தெரியல." மேசையின் ஸ்டீல் விளிம்பைக் காட்டினார். "ஜில்லுன்னு இருக்கும். தொட்டா விரலு பழச மறந்துடும். அப்பறம் வச்சாத்தான் நெஜம் தெரியும். தொட்டுட்டு வாங்க."

அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் எழுதி மெச்சிக்கொண்ட இரண்டு வரிகள் அவை. எழுது, வேறெங்கோ போ, திரும்பி வந்து படி. படித்த படிப்பு, அத்தனை வருஷ வேலை, எல்லாம் சேர்ந்து எனக்குக் காட்டாததை அந்த மேசை விளிம்பு அவருக்குக் காட்டியிருக்கிறது. நான் அதை வேண்டுதல் என்று நினைத்துச் சிரித்திருந்தேன்.

ஸ்டீலைத் தொட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. விரலைத் திரும்பக் காலி போர்டின் பஸ்ஸர் மேல் வைத்தேன். செல்வி சுவிட்சைப் போட்டார். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"இல்ல," என்றேன்.

"அதையே எழுதுங்க," என்று பேனாவை எடுத்து நீட்டினார்.

தாளில் என் வரியை அடித்தேன். அடித்தது தெரிகிற மாதிரிதான் அடித்தேன். கீழே எழுதினேன்: ‘சிப் இல்லாதபோதும் உண்டு என்று சொல்கிறது. தவறு என் நிரலில். செல்வி கண்டுபிடித்தார்.’ அதை மேனேஜரிடம் கொடுத்தபோது அவர் என்னைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். லாரி அன்று போகவில்லை. எல்லாப் பம்புகளையும் இறக்கி, புது நிரலில் ஒவ்வொன்றாகச் சோதித்ததில், மற்ற மேசைகளைத் தாண்டி வந்தவற்றில் இன்னும் இரண்டு அகப்பட்டன. ஏற்கெனவே வெளியே போனவற்றையும் கூப்பிட்டுச் சோதித்தோம். எனக்கு அந்த வருஷம் வர வேண்டிய பதவி வரவில்லை. மூன்று நாள் வருத்தமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. செல்வி அடுத்த மாதமும் அதே மேசையில் இருந்தார், அதற்கடுத்த வருஷம் அந்த லைனுக்கே தலைவியானார்.

இனி உங்கள் காரியம். உங்கள் லேப்பின் ஜன்னலோர அலமாரியில் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பழைய போர்டு ஒன்று இருக்கும். மேலே ஒட்டிய டேப்பில் செல்வியின் கையெழுத்தில் ‘சிப் இல்ல’ என்று எழுதியிருக்கும். அன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. எதையாவது கண்டுபிடிக்கும் நிரலை எழுதிக்கொண்டு என்னிடம் யார் வந்தாலும், முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவேன். ஓய்வு பெறும்போது வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்தேன், மனசு வரவில்லை.

உங்களில் யாராவது ஒருவர், பாவம் ஒரு சிப் குறைகிறதே என்று நல்லெண்ணத்தில் அதற்கு ஒரு சிப்பை வைத்துப் பற்றவைக்கப் பார்ப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம்.